பெண்ணையாற்றின் இரு கரை ஊர்களும் சேர்ந்து வெள்ளத்துக்குத் திட்டம் போடுவது எப்படி

2024 டிசம்பர் 2 அதிகாலையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து பெண்ணையாற்றில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்தது. தண்ணீர் வந்து சேரும் முன்பே வந்தது. ஆனால் 1.68 லட்சம் கன அடி என்றால் எங்கள் கரையில் அது எத்தனை அடி உயரம், எப்போது வரும், எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே இருக்கிற ஊர்க்காரர்களிடம் கேட்கலாம் என்றால் யாரிடமும் ஒரு போன் நம்பர் இல்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீர் சவுக்குத் தோப்பைத் தாண்டியபோது என்னால் கறவை மாடுகளை மட்டும்தான் அவிழ்த்துவிட முடிந்தது. இரண்டு கன்றுகள் போய்விட்டன.

கடலூர் மாவட்டத்தில், கண்டரக்கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில், தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நான் 22 வருடமாக இங்கே பால் சங்கச் செயலாளர். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இரு கரையிலுமாக ஏழு ஊர்கள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். நீங்கள் எந்த ஆற்றின் கரையில் இருந்தாலும் இதையே செய்யலாம். எங்களுக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஆற்றை வரையுங்கள்

பேரிடர் திட்டம் என்றதும் எல்லோரும் ஊர் வரைபடத்தைத்தான் எடுப்பார்கள். பள்ளிக்கூடம், கோயில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருக்கும். ஆறு ஓரத்தில் ஒரு கோடாகப் போகும். அதை மடித்து வைத்துவிட்டு ஆற்றை நடுவில் நீளமாக வரையுங்கள். ஊர்கள் அதன் இரு பக்கமும் வரட்டும்.

நாங்கள் ஒரு பழைய கல்யாண பிளெக்ஸின் பின்பக்கத்தில் வரைந்தோம். வெள்ளையாக இருக்கும், நனைந்தாலும் கெடாது, மார்க்கர் நன்றாகப் பிடிக்கும். பெண்ணையாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று மாவட்டம் மாவட்டமாக இறங்கி வருகிறது. கடைசியில் கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரியின் பாகூர் பகுதிக்கும் நடுவில் நெளிந்து கடலில் சேர்கிறது. சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் அணைக்கட்டு, எல்லிஸ் அணைக்கட்டு, தளவானூர் தடுப்பணை, பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சொர்ணாவூர் அணைக்கட்டு என்று ஒவ்வொன்றாகக் குறித்தோம். பிறகு 2015, 2021, 2024 வெள்ளங்களில் கரை உடைந்த இடங்களுக்குச் சிவப்பு. வடிகால் வாய்க்கால்களுக்கு நீலம்.

வரைந்து முடித்ததும் அக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னார்: "நாற்பது வருசமா ஆத்தைப் பாக்கறேன். உங்க பக்கத்து வாய்க்கால் எங்க போய் விழுதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." அந்த வாய்க்கால் விழுகிற இடத்துக்கு நேர் எதிரேதான் அவர் ஊரின் கரை இரண்டு முறை உடைந்திருக்கிறது.

கிலோமீட்டரை விடுங்கள், மணி நேரத்தை எழுதுங்கள்

மேலே இருக்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தண்ணீர் உங்கள் ஊருக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுதான் திட்டத்தின் உயிர். எங்கள் ஊரின் எண்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதையே நீங்களும் வைத்துக்கொள்வீர்கள். ஆறு ஒவ்வொரு வளைவிலும் வேறு மாதிரி ஓடும். நீங்களே எடுக்க வேண்டிய கணக்கு இது.

எடுப்பதற்கு வழி இருக்கிறது. அணையிலிருந்து தண்ணீர் விடும்போதெல்லாம், சிறிய அளவாக இருந்தாலும், ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் பாலத்தின் தூணிலோ படித்துறையிலோ தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரத்தைக் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தாலே ஓர் அட்டவணை கிடைத்துவிடும். ஆனால் கவனம்: சிறிய தண்ணீர் மணலில் இறங்கி இறங்கி மெதுவாக வரும். பெரிய வெள்ளம் அதைவிடச் சீக்கிரம் வரும். அதனால் உங்களுக்குக் கிடைத்த நேரத்தில் பாதிதான் கையில் இருக்கிறது என்று வைத்துத் திட்டம் போடுங்கள். சீக்கிரம் கிளம்பினால் ஒரு நாள் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

அணையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தப்பு. பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. அடுத்த நாள் கிட்டத்தட்ட அதே அளவு மழை மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் கொட்டியது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகப் பெண்ணையாற்றில் விழுந்து சாத்தனூருக்கு வந்தது. சாத்தனூர் அணை 119 அடி, முழுக் கொள்ளளவு 7.3 டிஎம்சி, அதாவது 730 கோடி கன அடி. நொடிக்கு 1.68 லட்சம் கன அடி என்ற கணக்கில் 12 மணி நேரம் தண்ணீர் வந்தால் அதுவே ஓர் அணை நிறையத் தண்ணீர். அணையால் தாங்கிப் பிடிக்கக்கூடிய மழை இல்லை அது. ஆகவே ஊத்தங்கரையில் மழை என்று செய்தி வரும்போதே கீழே இருப்பவர்கள் எழுந்திருக்க வேண்டும். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மழை அளவு எங்கள் பால் சங்கக் கரும்பலகையில் இப்போது தினமும் எழுதப்படுகிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

கடலையும் மறக்க வேண்டாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில், கடல் பொங்கி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீரை உள்ளே வாங்காது. வந்த தண்ணீர் அப்படியே தேங்கிப் பின்னால் ஏறும். அந்த ஊர்களுக்கு மட்டும் அட்டவணையில் தனியாக ஒரு குறிப்பு வேண்டும்.

யாரைச் சேர்ப்பது

தலைவர்களை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். எங்கள் கடலூர் பக்கம் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். விழுப்புரம் பக்கம் 2021-இல் தேர்தல் நடந்ததால் அங்கே அப்போதும் தலைவர்கள் இருந்தார்கள். புதுச்சேரி பக்கமோ பல வருடங்களாக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர்தான் எல்லாம். ஒரே ஆற்றின் கரையில் மூன்று விதமான நிர்வாகம். தலைவர் தலைவரோடு பேசிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் எங்கள் முதல் கூட்டமே நடந்திருக்காது.

நாங்கள் ஊருக்கு இரண்டு பேர் என்று எடுத்தோம். ஒருவர் கண்டிப்பாகப் பெண். இன்னொருவர் இரவில் விழித்திருக்கிற தொழில்காரர். பால்காரர்கள் விடியற்காலை மூன்று, மூன்றரைக்கே எழுந்துவிடுவோம். எங்கள் பால் ஆவினுக்குப் போகிறது, அக்கரைப் பால் புதுச்சேரியின் கூட்டுறவுப் பால் நிறுவனமான பாண்லேவுக்குப் போகிறது. ஆனால் மாட்டுத் தரகர், கால்நடை மருந்துக் கடை, தீவனக் கடை எல்லாம் இரு கரைக்கும் பொது. அந்த வழியில் பிடித்தால் ஒரே வாரத்தில் ஏழு ஊரிலும் ஆள் கிடைத்துவிட்டது. உங்கள் பகுதியில் அது மீன் ஏலக்கூடமாக இருக்கலாம், பூ மார்க்கெட்டாக இருக்கலாம், கரும்பு வெட்டும் கங்காணிகளாக இருக்கலாம். எல்லையைத் தாண்டி ஏற்கெனவே தினமும் பேசிக்கொள்கிறவர்கள் யார் என்று தேடுங்கள்.

மகளிர் குழுப் பெண்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்ற பட்டியல் அவர்கள் வாயிலேயே இருக்கிறது. நாங்கள் ஆண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்துப் பாதிதான் எழுதினோம்.

தகவல் எப்படிப் போக வேண்டும்

வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் அனுப்ப, மழை அளவு போட அது நல்லது. ஆனால் எச்சரிக்கை போன் பேச்சில்தான் போக வேண்டும். மேல் ஊர்க்காரர் கீழ் ஊர்க்காரரைக் கூப்பிடுவார். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் வரை அந்த ஊரின் இன்னொரு ஆளை முயல வேண்டும். அவரும் எடுக்காவிட்டால் அந்த ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குச் சொல்லிவிட்டு, விடுபட்ட ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து வண்டியில் ஆள் போக வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசி ஊருக்குச் செய்தி சேர்ந்ததும் அங்கிருந்து முதல் ஊருக்கு ஒரு போன் வர வேண்டும். அந்தப் போன் வராத வரை மேலே இருப்பவர் படுக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

சொல்லும் செய்தியில் நான்கு விஷயம் போதும்: எந்த இடம், எத்தனை மணி, எத்தனையாவது படி அல்லது தூணில் எந்தக் கோடு, ஏறுகிறதா இறங்குகிறதா. "அண்ணே, கண்டரக்கோட்டைப் பாலம், மணி மூணு பத்து, மஞ்சக் கோடு முழுகிடுச்சு, இன்னும் ஏறுது." இவ்வளவுதான். கன அடிக் கணக்கை அரசு அறிவிப்பில் கேட்டுக்கொள்ளலாம். அதை உங்கள் ஊர்ப் படிக்கு மாற்றும் ஓர் அட்டையைப் பால் சங்கச் சுவரிலோ ரேஷன் கடையிலோ ஒட்டிவையுங்கள்: இத்தனை கன அடிக்கு இந்தத் தெரு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது திருந்திக்கொண்டே வரும்.

முதல் ஒத்திகையில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. எல்லிஸ் அணைக்கட்டு இருக்கும் ஊர் ஏனாதிமங்கலம், விழுப்புரம் மாவட்டம். தளவானூருக்கு எதிரே இருக்கும் ஊர் எனதிரிமங்கலம், கடலூர் மாவட்டம். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், காற்றுச் சத்தத்துக்கு நடுவில், இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தண்ணீர் ஏனாதிமங்கலத்தில் என்று சொன்னதை ஒருவர் எனதிரிமங்கலம் என்று கேட்டு அடுத்தவருக்குச் சொல்லிவிட்டார். கீழே உள்ள ஊர்கள் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துவிட்டன. ஒத்திகை என்பதால் பிழைத்தோம். இப்போது "எல்லிஸ்", "தளவானூர் எதிர்" என்றுதான் சொல்கிறோம். உங்கள் ஆற்றிலும் இப்படி இரட்டைப் பெயர்கள் இருக்கும். இப்போதே மாற்றுப் பெயர் வைத்துவிடுங்கள்.

கரை வெட்டும் பேச்சு

இந்தப் பகுதியைப் பேசாமல் எந்தக் கூட்டுத் திட்டமும் நிற்காது. பேசுவது கஷ்டம். ஆனால் பேசியே ஆக வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் கரை தட்டும்போது ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கம் தப்பிக்கும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன் பக்கம் மணல் மூட்டை அடுக்கி உயர்த்தினால் எதிர்ப்பக்கம் அழுத்தம் கூடும். பழைய வெள்ளம் ஒன்றில் ஓர் ஊரார் இரவில் வடிகால் கரையை வெட்டிவிட்டார்கள் என்று பக்கத்து ஊரில் இன்றும் ஒரு வருத்தம் இருக்கிறது. அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதே குறைந்துவிட்டது. எங்கள் மூன்றாவது கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. குரல் உயர்ந்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். போனவர்கள் வாசலில் நின்றார்கள், வீட்டுக்குப் போகவில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்து உள்ளே அழைத்து வந்தோம்.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது. இருட்டில் யாரும் கரையைத் தொடக் கூடாது. வாய்க்கால் மதகைத் திறப்பதோ அடைப்பதோ இரு கரை ஆட்களும் நிற்கும்போது, நீர்வளத் துறை அல்லது பொதுப்பணித் துறை ஊழியரிடம் சொன்ன பிறகே. மணல் மூட்டை அடுக்குகிறவர்கள் எந்த இடத்தில் எத்தனை வரிசை என்று எதிர்க்கரைக்கும் சொல்ல வேண்டும். தாழ்வான நிலத்தில் தண்ணீர் ஒதுங்கித்தான் ஆகும் என்ற இடங்களை முன்கூட்டியே அடையாளம் வைத்தோம். அந்த நிலத்துக்காரர்களுக்கு வெள்ளத்துக்குப் பிறகு மற்ற ஊர்கள் வைக்கோல் கொடுக்க வேண்டும், நாற்று கொடுக்க வேண்டும். அரசு இழப்பீடு வருவது தனி. இது நாம் அவர்களுக்குப் பட்ட கடன்.

சட்டத்தில் இதற்கு எந்த வலுவும் இல்லை என்று ஒரு வக்கீல் தம்பி சொன்னார். உண்மைதான். ஆனால் இருட்டில் மண்வெட்டியோடு போகிறவன் எதிர்க்கரையில் யார் வீடு என்று தெரிந்தவனாக இருந்தால் கை தயங்கும். அந்தத் தயக்கம் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அரசிடம் எப்படிப் போவது

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆணையம் உண்டு, ஆட்சியர்தான் தலைவர். மாவட்டத் திட்டம் ஒன்று எழுத்தில் இருக்கும். உங்கள் கூட்டுத் திட்டம் அதில் ஒரு பக்கமாகவாவது இடம்பெற வேண்டும். இல்லையென்றால் வெள்ளத்தின்போது நீங்கள் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒரு பக்கம் என்று ஓடுவீர்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஒரே நாளில் எல்லா ஊரிலும் கூடுகிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே வாசகத்தில், ஒரே நாளில், எல்லா ஊரிலும் தீர்மானம். ஆகஸ்ட் 15 சரியான நாள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இரண்டு மாதம் கையில் இருக்கும். எதிரே புதுச்சேரிக் கரையில் கிராம சபை இல்லாததால், அதே வாசகத்தை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கி ஆணையரிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்க ஆட்சியர்களுக்கும் நகல், மற்ற பக்கத்துக்குக் கொடுத்ததன் நகலையும் சேர்த்து. கேட்பது குறைவாக இருக்கட்டும்: அணை திறப்புச் செய்தி எங்கள் பட்டியலில் உள்ள முதல் ஆளுக்கு நேரடியாக வர வேண்டும், உடைந்த இடங்களை இரு பக்கப் பொறியாளர்களும் ஒன்றாக வந்து பார்க்க வேண்டும். இரண்டே கோரிக்கை. பத்துக் கோரிக்கை வைத்த மனு பத்தாவது மேசையில்தான் நிற்கும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டும் எல்லா அட்டையிலும் பெரிதாக இருக்கட்டும்.

நாடுகளே இதைச் செய்கின்றன என்று அதிகாரிகளிடம் சொல்லுங்கள், எங்களுக்கு அது உதவியது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்ல ஆள் இல்லாமல் நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். தேவனாம்பட்டினத்தில் என் சித்தி மகன் போனான். அதற்குப் பிறகுதான் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து எச்சரிக்கை ஏற்பாடு செய்தன. 2007-இல் ஐதராபாத்தில் நம் மையம் வந்தது. இன்று அந்த நாடுகள் ஒன்றாக ஒத்திகை நடத்துகின்றன. இந்தப் பக்கத்துக் கடல்களில் வரும் புயல்களுக்குப் பெயர் வைப்பதில்கூட 13 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. பெஞ்சல் என்ற பெயர் சவுதி அரேபியா கொடுத்தது. அத்தனை நாடுகள் ஒரு பட்டியலில் உட்காரும்போது, ஓர் ஆற்றின் இரு கரையும் ஒரு போன் பட்டியலில் உட்கார முடியும்.

தங்கும் இடம், மாடு, கார்டு

பக்கத்து ஊர் மேடாக இருந்தால் உங்கள் ஊரின் முகாம் அங்கேதான், அது எந்த மாவட்டமாக இருந்தாலும். எங்கள் கீழத்தெரு மக்களுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தைவிட அடுத்த ஊரின் கல்யாண மண்டபம் பக்கம், மேடும்கூட. சாவி யாரிடம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி யாரிடம் என்பதையும்.

மாட்டுக்கு இடம் சொல்லாமல் மனிதர்களைக் கிளம்பச் சொல்லாதீர்கள், கிளம்ப மாட்டார்கள். நானும் கிளம்பியிருக்க மாட்டேன். கயிற்றை வெட்ட அரிவாள் தொழுவத்திலேயே தொங்கட்டும். கன்றை முதலில் ஓட்டினால் தாய் பின்னாலேயே வரும். அன்று நான் மாற்றிச் செய்தேன்.

முகாமில் ரேஷன் கார்டு எந்தப் பக்கத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. 2024-இல் நிவாரணமாகத் தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 2,000 ரூபாய், புதுச்சேரியில் 5,000 ரூபாய். அந்த வித்தியாசம் சில நாள் இரு கரைக்கும் நடுவில் கசப்பாக இருந்தது. பணத்தை அரசுகள் தீர்மானிக்கும். சோற்றுப் பானையை நாம் தீர்மானிக்கிறோம். அரிசி எந்தக் கரையில் அதிகம் இருக்கிறதோ அங்கிருந்து வரும் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ஒத்திகை, திருத்தம்

செப்டம்பரில் ஒரு முறை, நாள் குறிக்காமல், இரவு மூன்று மணிக்கு. பகலில் நடத்தும் ஒத்திகையில் எல்லோரும் போன் எடுப்பார்கள், அதனால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. முதல் முறை ஏழு ஊரில் மூன்று ஊர் எடுக்கவில்லை. இரண்டாவது முறை ஒன்று. அந்த ஒருவர் போனை சார்ஜில் போட்டு வேறு அறையில் வைத்திருந்தார். அவர் மனைவியின் எண்ணையும் சேர்த்தோம்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு கூட்டம். எங்களுக்கு அதற்கு நல்ல நாள் ஏற்கெனவே இருக்கிறது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு இரு கரைச் சாமிகளும் பெண்ணையாற்றில் இறங்குகின்றன. சனமும் கடையும் ராட்டினமுமாக மணல் நிறைந்திருக்கும். சாமி தீர்த்தவாரி முடிந்த பிறகு, தூணோரம் அந்தப் பிளெக்ஸை விரித்து உட்கார்கிறோம். அந்த வருடம் தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது, அட்டவணையில் எந்த நேரம் தப்பு, யார் எண் மாறியது. இந்தத் தையில் இரண்டு எண் மாறியிருந்தன. அக்கரைப் பெரியவர் வெளியூர் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் அவர் இடத்துக்கு அவர் பேரன் வந்திருந்தான். அவன் எண்ணை எழுதிக்கொண்டு, அங்கேயே ஒரு முறை அடித்துப் பார்த்தோம். பையில் போன் அடித்தது.